மிலிட்சா மன்னிக்கவில்லை

அன்புள்ள கலா,

உன் கடிதம் கிடைத்தது. மாடிப்படி ஏறி இறங்குகிறாய் என்பதே பெரிய செய்தி. இங்கே பேத்திக்குப் பரீட்சை, வீட்டில் தொலைக்காட்சிக்குத் தடை. எனக்கு நல்லதாகப் போயிற்று. செர்பிய எழுத்தாளர் ஸ்வெத்லானா வெல்மார்-யான்கோவிச்சின் 'லாகும்' நாவலை ஆங்கிலத்தில் மறுபடியும் படித்து முடித்தேன்.

1944 நவம்பர், பெல்கிரேட். ஜெர்மானியர்கள் போய்ப் பார்ட்டிசான்கள், அதாவது கம்யூனிஸ்ட் கெரில்லாப் படையினர், வந்துவிட்டார்கள். பேராசிரியர் துஷானைக் கைதுசெய்ய வரும் மேஜர், முன்பு அதே வீட்டில் அவர் மனைவி மிலிட்சா ஒளித்துவைத்துக் காப்பாற்றியவன்! துஷான் ஆக்கிரமிப்புக் கால அரசில் பதவி ஏற்றவர். குரோவேஷியாவிலிருந்து தப்பிவந்த செர்பிய அகதிகளுக்காக உழைத்தவரும் அவர்தான். சுட்டுக் கொல்கிறார்கள். மிலிட்சாவும் குழந்தைகளும் சொந்த வீட்டிலேயே ஒரு மூலைக்குத் தள்ளப்படுகிறார்கள்.

1990-இல் நாவல் வந்தபோது யூகோஸ்லாவியா இன்னும் உடையவில்லை. 1944 நவம்பரில் சுட்டுக் கொல்லப்பட்ட 105 பேரின் பெயர்களை 'பொலிட்டிகா' நாளிதழே வெளியிட்டிருந்தது. ஆனாலும் அப்படி ஆளை இழந்த வீடுகளின் கதையை நெடுங்காலம் யாரும் உரக்கப் பேசியதில்லை. அதனால் துணிச்சலான புத்தகம் என்று கொண்டாடினார்கள். ஆசிரியரின் தந்தையே, ஜெர்மானியர்களின் கீழ் செர்பியாவை நடத்திய நெடிச்சின் பொம்மை அரசில், கல்வி அமைச்சகத்தில் உயர் பதவியில் இருந்து, பிறகு நாட்டைவிட்டுப் போனவர். அதைத் தெரிந்து படித்தவர்களுக்கு ஒவ்வொரு பக்கமும் கூடுதலாகக் கனத்திருக்கும்.

பிறகு காற்று திசை மாறியது. 2006-இல் மறுவாழ்வுச் சட்டம் வந்து, அன்று தண்டிக்கப்பட்டவர்களின் பெயர்களை நீதிமன்றங்கள் மீட்டுக் கொடுக்கத் தொடங்கின. நெடிச்சுக்கே மறுவாழ்வு கேட்டார்கள். 2018-இல் பெல்கிரேட் உயர் நீதிமன்றம் மறுத்தது. இந்தச் சூழலில் அதே நாவல் நெடிச் ஆட்களுக்கு வெள்ளையடிக்கிறதோ என்ற சந்தேகம் எழுவது இயல்பு. பெண்ணிய நோக்கில் படிப்பவர்களோ துஷானை ஓரமாக நிறுத்திவிட்டு மிலிட்சாவின் குரலைக் கேட்கிறார்கள். எனக்கும் அந்தப் பக்கம்தான் சாய்வு.

ஏனென்றால், வெள்ளையடிக்கிறது என்பவர்கள் மிலிட்சாவைச் சரியாகப் படிக்கவில்லை. பதவி ஏற்ற கணவரை அவள் மன்னிப்பதே இல்லை. அவரால் உயிர் பிழைத்த அகதிகளையும் அவள் மறைப்பதில்லை. இரண்டையும் ஒரே மேசையில் வைத்துவிட்டுப் பேசாமல் இருக்கிறாள். கட்சிக்காரர்களுக்கு இது எப்படிப் பிடிக்கும், சொல்?

1995-ஆம் ஆண்டுக்கான 'நின்' (NIN) என்ற செர்பிய இலக்கியப் பரிசு வெல்மார்-யான்கோவிச்சின் 'பெஸ்த்னோ' நாவலுக்குக் கிடைத்தது. எனக்கென்னவோ 'லாகும்'தான் பெரியது. பேத்தியின் பரீட்சை முடிந்ததும் பார்சலில் அனுப்புகிறேன். ஓரங்களில் பென்சிலால் கிறுக்கியிருக்கிறேன், திட்டாதே. மேஜரைப் பற்றி நீ என்ன நினைக்கிறாய் என்று மட்டும் எழுது. அவன் விஷயத்தில் நாம் நிச்சயம் சண்டை போடுவோம்.

அன்புடன்,
வசந்தா