சோளக்குருவியின் எரிபொருள்

சூலூர்,
மாசி 20

அன்புள்ள நண்பர் செல்லமுத்து அவர்களுக்கு,

வணக்கம். பேத்தியின் காதுகுத்து நல்லபடியாக முடிந்ததில் எங்கள் இருவருக்கும் மகிழ்ச்சி. வர இயலாமற் போனதற்கு என் முழங்காலைத்தான் குறை சொல்ல வேண்டும்.

தை மாதம் உங்கள் காட்டில் இறங்கிய சோளக்குருவிக் கூட்டத்தைத் திட்டித் தீர்த்துவிட்டு, அந்தக் கோபத்திலும், சோளத்தைத் தின்றே இவை நடு ஆசியா வரை எப்படிப் பறக்கின்றன என்று கேட்டிருந்தீர்கள். சோளம் மட்டுமல்ல, ஆலம்பழம், கல்யாண முருங்கைப் பூவின் தேன், வெட்டுக்கிளி எல்லாமே அவற்றின் பந்தியில் உண்டு. சோளத்தில் பெரும்பகுதி மாவுதான், கொழுப்பு நூற்றில் 3 பங்கு அளவே. ஆனால் அந்த மாவைப் பறவையின் கல்லீரல் கொழுப்பாக மாற்றிவிடுகிறது. மக்காச்சோளத் தீவனம் தின்ற உங்கள் பண்ணைக் கோழியின் அடிவயிற்றில் திரளும் மஞ்சள் கொழுப்பும் பெரும்பாலும் அப்படி வந்ததுதான். வேறுபாடு என்னவென்றால், கோழிக்கு அதை எரிக்க வேலை இல்லை.

வலசை போகும் சிறுபறவைகளுக்குப் பறக்கும்போது வேண்டிய ஆற்றலில் 90 விழுக்காட்டுக்கு மேல் கொழுப்பிலிருந்தே கிடைக்கிறது. ஒரு கிராம் கொழுப்பு 9 கிலோகலோரி தரும், மாவுச்சத்து 4தான். அதுவும் மாவுச்சத்து உடலில் நீரோடு சேர்ந்தே தங்குவதால், தூக்கிச் செல்லும் எடைக்குக் கொழுப்பு ஏறத்தாழ 8 மடங்கு ஆதாயம். கடுமையாக ஓடும்போது நம் தசை சர்க்கரையைத்தான் பெரிதும் நம்புகிறது. பறவையின் மார்புத் தசையோ அதைவிடக் கடும் உழைப்பிலும் கொழுப்பையே எரிக்கவல்லது.

எந்தக் கொழுப்பு என்பதில்தான் சுவையான சிக்கல். எள், சூரியகாந்தி போன்ற வித்துகளின் எண்ணெயில் மிகுந்துள்ள லினோலியிக் அமிலம் என்னும் நிறைவுறாக் கொழுப்பை (எண்ணெய்போல் இளகியிருக்கும் வகை) பறவையின் உடலால் ஆக்க முடியாது, தின்றுதான் பெற வேண்டும். கல்லீரல் மாவிலிருந்து ஆக்குபவை வேறு அமிலங்கள். 2005இல் அமெரிக்காவில் சிவப்புக்கண் விரியோ என்னும் பாடும் பறவையை ஆராய்ந்தபோது, நிறைவுறாக் கொழுப்பு குறைவாகத் தின்றவற்றின் உச்ச வளர்சிதை மாற்ற வீதம், அதாவது முழுமூச்சில் உழைக்கும்போது உடல் ஆற்றலை எரிக்கும் வேகம், உயர்ந்திருந்தது. உணவே ஊக்க மருந்து என்ற பேச்சுக்கு இது வலுச் சேர்த்தது. ஆனால் 2019இல் வெளியான ஆய்வில், மஞ்சள் பிட்டம் கொண்ட வார்ப்ளர் குருவிகளைக் எதிர்க்காற்று வீசும் காற்றுச் சுரங்கம் என்னும் ஆய்வுக்கூண்டில் மணிக்கணக்கில் பறக்கவிட்டபோது, உண்ட கொழுப்பின் வகை தசையின் எரிக்கும் திறனை மாற்றியதே தவிர, நெடுநேரப் பறத்தலை மேம்படுத்தவில்லை. உச்சத் திறனும் தாக்குப்பிடிக்கும் திறனும் ஒன்றல்லவே; வண்டிமாட்டுப் பந்தயத்தில் முந்தும் காளையிடம் நாள் முழுக்க ஏர் உழச் சொன்னால் தெரியும்.

எனவே என் கணிப்பு இது: சோளக்குருவிக்கு முதற்கவலை புறப்படும் முன் கொழுப்பு போதிய அளவு சேர்ந்ததா என்பதாகத்தான் இருக்கும், அதன் வகை பிறகுதான். உங்கள் கிணற்று மேட்டு ஆலமரத்தில் பங்குனியில் அவை கூடும்போது எதைத் தின்கின்றன என்று பார்த்து எழுதுங்கள். கல் வீசாமல் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

அன்புடன்,
பழனிச்சாமி