என் முதல் கேமிங் கம்ப்யூட்டருக்குக் கைகொடுத்த எல்லோருக்கும் நன்றி

அன்புள்ள அண்ணன், அக்கா, மாமா, தம்பி, தங்கை எல்லோருக்கும். பழைய கிராபிக்ஸ் கார்டை விற்ற அந்த நண்பருக்கும்,

வணக்கம். கம்ப்யூட்டர் ஓடுகிறது. நான் ஆசைப்பட்ட கேம்கள் எல்லாம் 1080பி-யில் (1920 x 1080 புள்ளிகள் கொண்ட திரை), படத்தின் தரத்துக்கான செட்டிங்ஸை ஹையில் வைத்தாலும் திணறாமல் ஓடுகின்றன. ஒதுக்கிவைத்த பணத்தையும் தாண்டவில்லை. உங்களுக்குத் தனித்தனியாக நன்றி சொல்லிவிட்டேன். ஆனால் ஒருவர் செய்த உதவி இன்னொருவருக்குத் தெரியாது. அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதிவைக்கத் தோன்றியது. முதல் தடவையாக பார்ட்ஸ் தேடுகிற வேறு யார் கண்ணிலாவது பட்டாலும் நல்லதுதான்.

உங்களில் ஒருவர்கூட "இந்த லிஸ்ட்டை அப்படியே வாங்கிக்கொள்" என்று சொல்லவில்லை. அதற்குத்தான் முதல் நன்றி. எதைக் கேட்டாலும் காரணத்தோடு பதில் சொன்னீர்கள். காரணம் தெரிந்ததால், ஒரு பொருள் கிடைக்காதபோது அதற்குப் பதிலாக எதை எடுக்கலாம் என்று என்னாலேயே முடிவு செய்ய முடிந்தது.

அலுவலகத்தில் பக்கத்து இருக்கை அண்ணா, "எந்த கிராபிக்ஸ் கார்டு வாங்கலாம்?" என்று உங்களிடம் கேட்டேன். கேமின் படத்தைத் திரைக்கு வரைந்து கொடுப்பது அந்தக் கார்டுதான். "எந்த மானிட்டர், என்னென்ன கேம்?" என்று திருப்பிக் கேட்டீர்கள். முழு பில்டும் அந்த இரண்டு கேள்விகளில் இருந்துதான் வந்தது. 1080பி திரையில் கிட்டத்தட்ட 20.7 லட்சம் பிக்சல்கள், அதாவது புள்ளிகள். 1440பி-யில் 36.9 லட்சம். 4கே-யில் 83 லட்சம், அதாவது 1080பி-யைப் போல நான்கு மடங்கு. கார்டு ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் (ஓடும் காட்சியின் ஒரு தனிப் படம்) இத்தனையையும் வரைந்தாக வேண்டும். பணம் குறைவாக இருக்கும்போது பெரிய திரைக்கு ஆசைப்பட்டால், வாங்குகிற கார்டு வாங்கிய நாளிலேயே மூச்சு வாங்கும் என்று சொன்னீர்கள். 1080பி என்று அன்றைக்கே முடிவானது.

"மானிட்டரையும் பட்ஜெட்டுக்குள்ளேயே எழுது" என்று சொன்னதும் நீங்கள்தான். 60 ஹெர்ட்ஸ் மானிட்டர் ஒரு படத்தை 16.7 மில்லிசெகண்ட் வைத்திருந்துதான் அடுத்ததைக் காட்டும். 144 ஹெர்ட்ஸில் அது 6.9 மில்லிசெகண்ட். கார்டு நொடிக்கு 120 ஃப்ரேம் வரைந்து கொடுத்தாலும், 60 ஹெர்ட்ஸ் திரை நொடிக்கு 60 தடவைதான் படத்தை மாற்றும். அதைக் கேட்டதும் கண்ணாடி கேபினெட், கலர் லைட்டு ஃபேன் எல்லாவற்றையும் லிஸ்ட்டில் இருந்து எடுத்துவிட்டு, அந்தப் பணத்தை 144 ஹெர்ட்ஸ் மானிட்டருக்கு மாற்றினேன். கேபினெட்டைப் பொறுத்தவரை நீங்கள் சொன்ன மூன்றை மட்டும் பார்த்தேன்: முன்பக்கம் வலையாக இருக்க வேண்டும், கார்டு நீளம் உள்ளே அடங்க வேண்டும், முன்னால் காற்று உள்ளே வரவும் பின்னால் வெளியே போகவும் ஃபேன் வேண்டும்.

அக்கா, நீங்கள் வீடியோ எடிட்டிங் வேலைக்காக கார்டுகளைப் பிழிந்து பார்த்தவர். உங்களிடம் நான் கொண்டுவந்த இரண்டு பெயர்கள் ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி, ஆர்எக்ஸ் 6600. பெயரைப் பார்த்தால் பக்கத்து வீட்டுக்காரர்கள் மாதிரி இருக்கின்றன. உள்ளே இருக்கும் தூரத்தை நீங்கள்தான் காட்டினீர்கள். முதலாவதில் பெரும்பாலும் 4 ஜிபி மெமரி, இரண்டாவதில் 8 ஜிபி. முதலாவது மதர்போர்டோடு (எல்லா பாகங்களையும் இணைக்கும் பெரிய பலகை) பேசுவதற்கு 4 பிசிஐஇ லேன்கள்தான் (தரவு போகும் பாதைகள்) வைத்திருக்கிறது, இரண்டாவதில் 8. கேமின் டெக்ஸ்சர்கள் (பொருள்களின் மேல் ஒட்டும் படங்கள்) 4 ஜிபி-க்குள் அடங்காதபோது மிச்சம் கம்ப்யூட்டரின் பொது மெமரியான ரேமுக்குப் போய் அந்தக் குறுகிய வழியாகத்தான் திரும்பி வர வேண்டும். அந்த இணைப்பின் முந்தைய தலைமுறையான பிசிஐஇ 3.0 மட்டும் உள்ள பழைய போர்டில் மாட்டினால் அந்த வழி இன்னும் பாதியாகிவிடும். போதாக்குறைக்கு, விளையாடுவதை ரெக்கார்டு செய்ய உதவும் வீடியோ என்கோடரும் முதலாவதில் கிடையாது. "ரெக்கார்டு பண்ணுவியா?" என்று நீங்கள் கேட்டிருக்காவிட்டால் அதை நான் தேடிப் பார்த்திருக்கவே மாட்டேன்.

அன்றைக்கு உங்கள் திரையில், ஒவ்வொரு ஃப்ரேமும் வர எவ்வளவு நேரம் எடுத்தது என்று சொல்லும் ஃப்ரேம் டைம் வரைபடம் ஒன்றைக் காட்டினீர்களே, அது என் மனதில் நன்றாகப் பதிந்துவிட்டது. சராசரி எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை ஃப்ரேம்) 70 என்று மேலே அழகாக எழுதியிருந்தது. கீழே கோடு நேராகப் போய்க்கொண்டே இருந்து, திடீரென்று ஊசி மாதிரி மேலே எகிறியது. அந்த ஊசி ஒவ்வொன்றும் கேமில் ஒரு வெட்டு. "சராசரியைப் பார்க்காதே, மோசமான 1 சதவீதத்தைப் பார்" என்றீர்கள். அதற்குப் பிறகு எந்த ரிவ்யூவைத் திறந்தாலும், மிக மெதுவாக வந்த அந்த 1 சதவீத ஃப்ரேம்களின் எண்ணைத்தான் முதலில் தேடுகிறேன்.

ஆர்எக்ஸ் 6600 புதிதாக வாங்க முடியவில்லை. பழையதுதான் வாங்கினேன். அதை விற்ற நண்பரே, உங்களை அதற்கு முன்னால் எனக்குத் தெரியாது. "உங்கள் கம்ப்யூட்டரில் மாட்டி ஓட்டிக் காட்ட முடியுமா?" என்று தயங்கித்தான் கேட்டேன். நீங்கள் கொஞ்சமும் முகம் சுளிக்காமல் அரை மணி நேரம் முழு லோடில் ஓட விட்டீர்கள். இரண்டு ஃபேனும் சத்தமில்லாமல் சுற்றுகின்றனவா, திரையில் பொட்டு பொட்டாக ஏதாவது தெரிகிறதா, வெப்பம் ஓரிடத்தில் நிற்கிறதா அல்லது ஏறிக்கொண்டே போகிறதா என்று பொறுமையாகப் பார்க்க விட்டீர்கள். பின்னால் இருக்கும் ஒவ்வொரு டிஸ்ப்ளே போர்ட்டிலும் கேபிளை மாற்றி மாற்றிச் செருகிக் காட்டியதும் நீங்களாகச் செய்தது. கிரிப்டோ நாணயமான எத்தெரியம் 2022 செப்டம்பரில் மைனிங் முறையை (கார்டுகளை இடைவிடாமல் ஓட்டி நாணயம் சம்பாதிப்பது) கைவிட்ட பிறகு, மைனிங்கில் ஓடிய கார்டுகள் பழைய சந்தைக்கு நிறைய வந்தன. அதனால் பழைய கார்டு என்றாலே எனக்குப் பயம்தான். உங்கள் கார்டு எங்கே, எப்படி ஓடியது என்று மறைக்காமல் சொன்னீர்கள். மனமார்ந்த நன்றி.

இப்போது மாமா. இந்த மடலில் உங்களுக்குத்தான் பெரிய இடம் கொடுக்க வேண்டும், ஏனென்றால் நீங்கள் பேசிய பொருளைப் பற்றி வேறு யாருமே பேசுவதில்லை. சுவரில் இருந்து வரும் மின்சாரத்தை மாற்றிப் பாகங்களுக்குக் கொடுக்கும் பவர் சப்ளை எஃப்பிஎஸ் கூட்டாது. கேபினெட்டின் அடியில் மறைந்து கிடக்கும். பணம் பற்றாத நேரத்தில் எல்லோரும் கை வைக்கும் இடமும் அதுதான்.

ரிப்பேருக்கு வந்த இரண்டு பழைய பவர் சப்ளைகளை என் இரண்டு கையிலும் கொடுத்தீர்கள். ஒன்று கனத்தது. இன்னொன்று காலி டப்பா மாதிரி இருந்தது. அந்த லேசானதின் மேல் பெரிய எழுத்தில் 500 வாட் என்று அச்சடித்திருந்தது. "அதை விடு, கீழே அட்டவணையில் 12 வோல்ட் கட்டத்தைப் படி" என்றீர்கள். 22 ஆம்பியர் என்று இருந்தது. 12-ஐ 22-ஆல் பெருக்கினால் 264 வாட். கம்ப்யூட்டரின் மூளையான பிராசசருக்கும் கிராபிக்ஸ் கார்டுக்கும் மின்சாரம் முக்கியமாக அந்த 12 வோல்ட்டில் இருந்துதான் வருகிறது. ஆக 500 என்று போட்டிருந்த டப்பாவில் கேமிங்குக்கு உதவுவது அவ்வளவுதான். அப்புறம் அதன் மூடியைத் திறந்து காட்டினீர்கள். மின் இரைச்சலை வடிகட்டும் காயில்கள் இருக்க வேண்டிய இடத்தில், பெயர் மட்டும் அச்சாகி, ஒரு துண்டுக் கம்பி குறுக்கே பற்ற வைத்திருந்தது. கெப்பாசிட்டர் ஒன்றின் தலை உப்பியிருந்தது. "நீ இதையெல்லாம் திறக்கக் கூடாது, பிளக்கைப் பிடுங்கினாலும் உள்ளே மின்சாரம் தேங்கி நிற்கும்" என்று மூன்று நான்கு தடவை சொன்னீர்கள். இதைப் படிக்கிற யாரும் திறக்க வேண்டாம்.

80 பிளஸ் முத்திரை பற்றி நீங்கள் சொன்னதையும் எழுதிவிடுகிறேன். சுவரில் இருந்து இழுக்கிற மின்சாரத்தில் எவ்வளவு வீணாகாமல் கம்ப்யூட்டருக்குப் போகிறது என்பதை அது சொல்லும். அதில் பிரான்ஸ் (வெண்கலம்) என்ற தரம் என்றால், 115 வோல்ட் சோதனையில் பாதி லோடில் குறைந்தது 85 சதவீதம். ஷார்ட் ஆனால் தானே அணையுமா, வோல்டேஜ் எகிறினால் தடுக்குமா என்பதைப் பற்றி அந்த முத்திரை ஒன்றும் சொல்லாது. அதற்குத் தனியாக ரிவ்யூ படிக்க வேண்டும், எத்தனை வருட வாரண்டி என்று பார்க்க வேண்டும். என் கார்டு 132 வாட், பிராசசர் 65 வாட் வகை, மற்றதையெல்லாம் சேர்த்தாலும் 300-க்குள்தான். நல்ல 550 வாட் பவர் சப்ளை வாங்கினால், நாளைக்குக் கொஞ்சம் பெரிய கார்டு வந்தாலும் தாங்கும் என்று கணக்குப் போட்டுக் கொடுத்தீர்கள். கழற்றி மாட்டும் கேபிள் உள்ள மாடல்களில், ஒரு பவர் சப்ளையின் கேபிளை இன்னொன்றில் செருகவே கூடாது என்றும் எச்சரித்தீர்கள். முனை பொருந்தினாலும் உள்ளே கம்பிகளின் வரிசை மாறியிருக்கலாம், மாட்டிய பொருள் எரிந்துவிடும். இது எத்தனை பேருக்குத் தெரியும் என்று நினைத்தால் இப்போதும் எனக்குப் பதறுகிறது.

பிராசசர், மதர்போர்டு பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, அண்ணா, நீங்கள் சொன்னபடியே முடிந்தது. ரைசன் 5 5600: 6 கோர், 12 த்ரெட், கூலரும் பெட்டியிலேயே வருகிறது. ஏஎம்டி பிராசசர்களுக்கான புதிய ஏஎம்5 வகைப் போர்டுகளில் டிடிஆர்5 ரேம் மட்டும்தான் போடலாம்; போர்டு, ரேம் இரண்டுக்கும் சேர்த்துப் பார்த்தபோது என் கணக்கு இடித்தது. அதனால் டிடிஆர்4 ரேம் போடும் முந்தைய ஏஎம்4 வகையில் பி550 போர்டு. பழைய பி450 போர்டுகளைப் பார்த்தபோது, பெட்டியின் மேல் 'ரைசன் 5000 ரெடி' ஸ்டிக்கர் இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னீர்கள். இல்லாவிட்டால் பயாஸை (போர்டில் இருக்கும் தொடக்க மென்பொருள்) அப்டேட் செய்யும்வரை கம்ப்யூட்டர் உயிர் பெறாமல் போகலாம். கேம்களைச் சேமித்துவைக்கும் எஸ்எஸ்டி 1 டிபி, என்விஎம்இ என்ற வேகமான வகை. கேம் லோடாகும் நேரத்தில் அதற்கும் பழைய வகையான சாட்டா எஸ்எஸ்டிக்கும் பெரிய வித்தியாசம் இல்லை, ஆனால் விலை பக்கம் பக்கமாக இருந்ததால் இதையே எடுத்தேன்.

தம்பி, ரேம் முழுக்க உன் புண்ணியம். 16 ஜிபி ஒரே குச்சியாக வேண்டாம், 8 ஜிபி இரண்டாக வாங்கு என்று நீதான் பிடிவாதமாக நின்றாய். டிடிஆர்4 3200-இல் ஒரு சேனலுக்கு (ரேமுக்கும் பிராசசருக்கும் இடையிலான பாதை) நொடிக்கு 25.6 ஜிபி, இரண்டு சேனல் சேர்ந்தால் 51.2. உன் மாதிரி ஷூட்டர் கேமில் 144 எஃப்பிஎஸ் எதிர்பார்ப்பவனுக்கு பிராசசர் காத்திருக்கவே கூடாது, அதற்கு இந்த வேகம் வேண்டும் என்றாய். நான்கு ஸ்லாட் இருந்தால் பிராசசரில் இருந்து எண்ணி இரண்டாவதிலும் நான்காவதிலும் போடு என்றாய். மதர்போர்டு மேனுவலிலும் அதுவே இருந்தது. பயாஸில் எக்ஸ்எம்பி-யை (ரேமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் செட்டிங்) ஆன் செய்யாவிட்டால் 3200 ரேம் 2133-லேயோ 2400-லேயோ சும்மா ஓடிக்கொண்டிருக்கும் என்று நீ சொன்னது ரொம்ப முக்கியம். ஆன் செய்த பிறகு டாஸ்க் மேனேஜரில் 3200 என்று வந்ததைப் பார்த்து எனக்கு இருந்த மகிழ்ச்சி உனக்குத் தெரியும், உடனே போன் செய்தேனே.

தங்கை, நீ டார்ச்சைப் பிடித்துக்கொண்டு மேனுவலை வாசித்த அந்த மாலை இல்லாவிட்டால் இதெல்லாம் பெட்டியிலேயே கிடந்திருக்கும். பிராசசர் மூலையில் இருக்கும் சின்னத் தங்க முக்கோணம் சாக்கெட்டின் முக்கோணத்துக்கு நேராக வந்த பிறகுதான் என்னைக் கையை எடுக்க விட்டாய். எஸ்எஸ்டியின் மேல் வரும் எம்.2 ஹீட்சிங்கின் (வெப்பத்தை இழுக்கும் உலோகத் தகடு) அடியில் ஒட்டியிருந்த, கழற்றியாக வேண்டிய மெல்லிய பிளாஸ்டிக் தாளைக் கண்டுபிடித்தது நீதான். பவர் பட்டனில் இருந்து வரும் அரிசி அளவு கனெக்டர்களை எந்தப் பின்னில் செருகுவது என்று எண்ணி எண்ணிச் சொன்னாய். முதல் தடவை ஆன் செய்ததும் திரை கறுப்பாகவே இருந்தபோது, ரேமைப் பழக்கிக்கொள்ள போர்டுக்கு நேரம் வேண்டும், அணைத்துவிடாதே என்று என் கையைப் பிடித்து நிறுத்தியதும் நீதான். மானிட்டர் கேபிள் கிராபிக்ஸ் கார்டில்தான் இருக்கிறதா, மதர்போர்டில் செருகிவிடவில்லையே என்று குனிந்து பார்த்தாய். ரொம்ப நன்றிடா.

கடைசியாக, நீங்கள் எல்லோரும் கேட்டிருந்த அளவுகள். ஒரு மணி நேரம் விளையாடிய பிறகு கார்டு 70 டிகிரிக்குப் பக்கத்தில், பிராசசர் அதற்கும் கொஞ்சம் கீழே. மாமா, பிளக்கில் மீட்டர் மாட்டிப் பார்த்தேன், மானிட்டர் இல்லாமல் 250 வாட்டைத் தாண்டவில்லை. அண்ணா, விண்டோஸ் முதலில் 60 ஹெர்ட்ஸில்தான் இருந்தது, டிஸ்ப்ளே செட்டிங்ஸில் போய் 144-க்கு மாற்றிவிட்டேன். அக்கா, ஃப்ரேம் டைம் கோட்டின் படம் அனுப்புகிறேன். ஊசிகள் மிகக் குறைவு, புது இடத்துக்குள் நுழையும்போது மட்டும் ஒன்றிரண்டு வருகின்றன. முன்பக்க ஃபேன்தான் லோடு ஏறும்போது கொஞ்சம் இரைகிறது. பயாஸில் ஃபேன் கர்வை (வெப்பத்துக்கு ஏற்ப ஃபேன் வேகம் மாறும் கோடு) எப்படி இறக்குவது என்று, நேரம் கிடைக்கும்போது சொல்லித் தாருங்கள்.

அன்போடும் நன்றியோடும்,
உங்களில் ஒருவன்