பகல் 11 முதல் 4 வரை மட்டும்

எங்கள் பகுதி மின் அலுவலக அதிகாரி அவர்களுக்கு,

வணக்கம். பங்குனியில் ஒன்றும் சித்திரையில் ஒன்றுமாக இரண்டு மனுக்கள் கொடுத்தவன்தான் எழுதுகிறேன். இரண்டின் மேலும் முத்திரை விழுந்ததைக் கண்ணால் பார்த்தேன். அதன்பிறகு நடந்தது உங்கள் அலமாரிக்குத்தான் தெரியும். மாதாந்திரப் பராமரிப்பே வேண்டாம் என்று நான் எப்போதும் சொன்னதில்லை. கத்திரி முடியும்வரை பகல் 11 மணியிலிருந்து 4 மணிவரை மின்சாரத்தை நிறுத்தாதீர்கள். கேட்பது அவ்வளவுதான்.

எங்கள் எதிர்வீட்டு ஆச்சிக்கு 82 வயது. மகன் கோயம்புத்தூரில், இங்கே தனியாக இருக்கிறார். ஓட்டு வீட்டை இடித்துவிட்டு மகன் ஆசையாகக் கட்டிக்கொடுத்த காங்கிரீட் வீடு. பகலெல்லாம் குடித்த வெயிலை அந்தத் தளம் நடுச்சாமம்வரை கக்கிக்கொண்டிருக்கும். கழிப்பறை புறவாசலில். முட்டுவலியோடு அடிக்கடி நடக்க வேண்டுமே என்று ஆச்சி தண்ணீரையே குறைத்துக்கொள்வார். அந்த வயதில் தாகமும் சரியாகத் தெரியாது. பிரஷருக்கு நீர் மாத்திரை வேறு.

சென்ற செவ்வாய்க்கிழமை காலை 9 முதல் பிற்பகல் 2 வரை மின்தடை என்று அறிவித்திருந்தீர்கள். இரண்டு மணி ஆயிற்று, மூன்றும் ஆயிற்று. மூன்றரைக்கு மோர் கொண்டுபோனேன். ஆச்சி கட்டிலில் சாய்ந்திருந்தார். என்றைக்கோ இறந்துபோன தம்பியின் பெயரைச் சொல்லி என்னை அழைத்து, மாட்டை அவிழ்த்துக் கட்டினாயா என்று கேட்டார். உடம்பு தோசைக்கல்லாகச் சுட்டது. ஒரு பொட்டு வியர்வை இல்லை. மோரைப் புகட்டப் போன என் கையை என் மனைவிதான் தடுத்தாள். நினைவு தடுமாறுகிறவர் வாயில் ஊற்றினால் மூச்சுக்குழாய்க்குள் போய்விடுமாம். குழாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. மோட்டார் ஓடாமல் மேல்தொட்டியில் தண்ணீர் ஏது? குடத்தில் மிச்சமிருந்ததில் சேலையை நனைத்துப் போர்த்தி, 108 வரும்வரை ஓலை விசிறியால் மாறிமாறி வீசினோம். ஆச்சி பிழைத்துவிட்டார். நாலே முக்காலுக்கு மின்சாரமும் வந்தது. நன்றி.

முதியவர்கள் 12 மணி முதல் 3 மணி வரை வெளியே போக வேண்டாம், வீட்டுக்குள்ளேயே இருங்கள் என்று ஆண்டுதோறும் சொல்கிறார்கள். ஆச்சி சொன்ன பேச்சைக் கேட்டு வீட்டுக்குள்தான் இருந்தார். வீடுதான் அவரைச் சுட்டது.

மின்விசிறி இருந்தால் போதும் என்று நான் வாதாடவில்லை. அறையே 40 டிகிரி செல்சியஸைத் தாண்டிவிட்டால் வெறும் விசிறி அனலைத்தான் வாரி இறைக்கும். ஈரத்துணி போர்த்திய உடம்பில் பட்டால் அந்தக் காற்றே சூட்டை இழுத்துக்கொள்ளும். அதற்குத் தண்ணீரும் வேண்டும், காற்றும் வேண்டும். இரண்டையும் ஒரே நேரத்தில் அணைத்துவிடுகிறீர்கள்.

வெப்ப அலையை மாநிலப் பேரிடராக 2024இல் அரசு அறிவித்தது. அதில் ஒருவர் இறந்தால் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் உண்டு. 75 வாட் மின்விசிறி ஒன்று ஐந்து மணி நேரம் சுற்றினால் அரை யூனிட்கூட ஆகாது. எது மலிவு என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். நிழல் தந்த மரங்களைச் சாலைக்காகச் சாய்த்துவிட்டு, தண்ணீர்ப் பந்தலுக்கு ரிப்பன் வெட்டிப் படம் பிடித்துக்கொண்டு, மூன்றாம் நாள் பானையைக் காயவிடுகிற ஊரில் இதையெல்லாம் யாரிடம் சொல்வது? மன்னியுங்கள், மரமும் பந்தலும் உங்கள் பொறுப்பல்ல.

உங்கள் பொறுப்புக்கே வருகிறேன். விடிகாலை ஐந்தரைக்கு வேலையைத் தொடங்கினால் பத்தரைக்குள் அதே ஐந்து மணி நேரம் கிடைக்கும். உச்சிவெயிலில் பழுக்கக் காய்ந்த கம்பத்தில் ஏறும் உங்கள் ஊழியர்களும் வாழ்த்துவார்கள். அவர்கள் வீட்டிலும் ஆச்சிகள் இருப்பார்கள். அதற்கு வழியே இல்லையென்றால் மின்சாரம் திரும்பும் நேரத்தையாவது உண்மையாகச் சொல்லுங்கள். குடங்களை நிரப்பி வைத்துக்கொள்வோம்.

அடுத்த மின்தடை வரும் வியாழக்கிழமை என்று தெரிகிறது. பகல் 11 முதல் 4 வரை நிறுத்த மாட்டோம் என்று புதன்கிழமைக்குள் ஒரு வரி பதில் தரும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். ஆச்சி ஞாயிற்றுக்கிழமை மருத்துவமனையிலிருந்து வீடு திரும்புகிறார்.

இப்படிக்கு,
எதிர்வீட்டுக்காரன்