ஒப்புதல் படிவத்தின் அந்த ஒரு வரியை மாற்றுங்கள்

இலங்கைப் பல்கலைக்கழகங்களின் ஆய்வு ஒழுக்கவியல் மீளாய்வுக் குழுக்களுக்கு,

வணக்கம்.

இளைஞர்கள் எப்படி வன்முறைக்குள் இழுக்கப்படுகிறார்கள், அதை எப்படித் தடுக்கலாம் என்று ஆராய முன்வரும் மாணவர்களின் விண்ணப்பங்கள் உங்கள் மேசைக்கு வருகின்றன. அவற்றோடு வரும் ஒப்புதல் படிவத்தில் பெரும்பாலும் இந்த வரி இருக்கும்: "நீங்கள் தரும் தகவல்கள் முழுமையாக இரகசியமாகப் பேணப்படும்." மருத்துவ ஆய்வுப் படிவத்திலிருந்து அப்படியே எடுத்த வரி அது. இந்தத் துறையில் எந்த மாணவராலும் அதைக் காப்பாற்ற முடியாது.

1979ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் 5ஆம் பிரிவைப் பாருங்கள். ஒருவர் அச்சட்டத்தின் கீழ்க் குற்றம் செய்திருக்கிறார் அல்லது செய்ய ஆயத்தமாகிறார் என்று தெரிந்தும், அல்லது அப்படி நம்ப நியாயமான காரணம் இருந்தும், பொலிஸாருக்கு அறிவிக்காமல் இருப்பதே குற்றம். ஏழு ஆண்டுவரை சிறை. ஆய்வாளருக்கென்று விலக்கு எதுவும் இல்லை. நாளை இந்தச் சட்டம் போய் வேறொன்று வந்தாலும், இதுபோன்ற பிரிவு அதிலும் வராது என்று எவரும் உறுதி தர முடியாது.

வெளிநாட்டில் இது நடந்து முடிந்த கதை. அமெரிக்காவின் பொஸ்டன் கல்லூரி 2001 முதல் 2006 வரை வட அயர்லாந்தின் முன்னாள் ஆயுததாரிகளிடம் வாய்மொழி வரலாறு பதிவுசெய்தது. அவர்கள் இறக்கும்வரை எதுவும் வெளிவராது என்று வாக்களிக்கப்பட்டது. கல்லூரிக்கும் திட்டப் பொறுப்பாளருக்கும் இடையிலான ஒப்பந்தத்தில் "அமெரிக்கச் சட்டம் அனுமதிக்கும் அளவுக்கு" என்ற வரையறை இருந்தது. பேசியவர்கள் கையொப்பமிட்ட படிவத்தில் அது இல்லை. 2011இல் நீதிமன்ற அழைப்பாணை வந்தது. 2013இல் ஒலிநாடாக்கள் பொலிஸ் கைக்குப் போயின. 2014இல் அங்குள்ள ஷின் பெயின் கட்சியின் அப்போதைய தலைவர் ஜெரி அடம்ஸ் கைதாகி, நான்கு நாள் விசாரிக்கப்பட்டு, குற்றச்சாட்டின்றி விடப்பட்டார். 2019இல் முன்னாள் ஆயுததாரி ஐவர் பெல் மீதான வழக்கில் அந்த நாடாக்களைச் சான்றாக ஏற்க நீதிபதி மறுத்தார், பெல் விடுதலையானார். நம்பிப் பேசியவர்களுக்கு அதற்குள் நேர்ந்ததை எந்தத் தீர்ப்பும் திருப்பித் தராது.

ஆகவே படிவத்தில் உண்மையை எழுதச் சொல்லுங்கள்: "உங்கள் பெயரை நாங்கள் எழுதிவைக்க மாட்டோம். ஆனால் பொலிஸாருக்குத் தெரியாத குற்றம் எதையும், உங்களுடையதோ பிறருடையதோ, எங்களிடம் சொல்ல வேண்டாம். சொன்னால் அதை மறைக்கும் உரிமை எங்களுக்குச் சட்டப்படி இல்லை." இதைத் தொடக்கத்தில் ஒருமுறை வாசித்துவிட்டுப் போவது போதாது. பேச்சு சூடுபிடித்த அரைமணி நேரத்தில் மனிதர் அதை மறந்துவிடுவார். அந்தப் பக்கம் கதை திரும்பும் கணத்திலேயே மாணவர் குறுக்கிட்டு மீண்டும் நினைவூட்ட வேண்டும். அதைப் பயிற்சியில் பலமுறை செய்துபார்க்காதவரைக் களத்துக்கு அனுப்பாதீர்கள்.

கேள்விகளையும் வரிவரியாகப் பாருங்கள். "அப்போது நீங்கள் என்ன செய்தீர்கள்?" என்பது ஆபத்தான கேள்வி. "அந்தக் காலத்தில் உங்கள் வயதுப் பிள்ளைகள் எதைப் பற்றிப் பேசிக்கொண்டார்கள்? யாருடைய பேச்சுக்கு மதிப்பிருந்தது? விலகிப்போனவர்கள் ஏன் போனார்கள்?" என்பவை ஆய்வுக்குத் தேவையானதைத் தரும், எவரையும் கூண்டில் ஏற்றா.

கையொப்பம் வேண்டும் என்ற பிடிவாதத்தையும் விடுங்கள். இத்தகைய ஆய்வில் மிக ஆபத்தான ஆவணம் கையொப்பமிட்ட ஒப்புதல் படிவமே. பெயர், திகதி, ஆய்வின் தலைப்பு மூன்றும் ஒரே தாளில். வாய்மொழி ஒப்புதலைக் குறியீட்டு இலக்கத்தோடு பதிந்தால் போதும். ஒருவர் மூலம் அடுத்தவரைத் தேடும்போது மாணவர் பெயர் கேட்கக் கூடாது. தன் தொடர்பு இலக்கத்தைக் கொடுத்துவிட்டு வரவேண்டும், விரும்பியவர் அழைக்கட்டும். ஆய்வேட்டில் "கிழக்கின் கரையோரச் சிற்றூர், 34 வயது, கணித ஆசிரியர், இரண்டு பிள்ளைகள்" என்று எழுதினால் பெயரை மறைத்து என்ன பயன்? ஊரில் எல்லோருக்கும் ஆள் யாரென்று தெரியும்.

2009க்குப் பின் விடுதலைப் புலிகளின் முன்னாள் உறுப்பினர்கள் ஏறத்தாழ 12,000 பேர் அரசின் புனர்வாழ்வுக்கு உட்படுத்தப்பட்டார்கள். மனமாற்றத்தை அளக்கவென்று, இப்படித் தடுத்துவைக்கப்பட்ட ஒருவர் நிரப்பும் வினாக்கொத்தை எப்படி வாசிப்பது? வீட்டுக்குப் போகத் துடிப்பவர் எதிர்பார்க்கப்படும் விடையைத்தான் எழுதுவார். முதல் மாதத்துக்கும் கடைசி மாதத்துக்கும் இடையில் மதிப்பெண் கூடினால், மனம் மாறியதா, விடை பிடிபட்டதா என்று அந்தத் தாளை வைத்துச் சொல்ல முடியாது. விடுதலையான பிறகு கேட்டாலும் வீட்டுக்குப் போய்க் கேட்பது சரியல்ல. வெளியார் வந்துபோன வீட்டில் அடுத்த நாள் புலனாய்வாளர் விசாரிப்பது வடக்கு கிழக்கில் புதிதல்ல. இடத்தை அவரே தெரிவு செய்யட்டும்.

பதிவுக்குக் கைபேசி வேண்டாம். அதில் எடுத்த ஒலி, உரிமையாளர் அறியாமலே இணையச் சேமிப்புக்கு நகல் போய்விடக்கூடும். இணையத் தொடர்பில்லாத ஒலிப்பதிவுக் கருவி, அன்றே மறைகுறியாக்கிய வட்டுக்கு மாற்றம், எழுத்தாக்கம் சரிபார்த்ததும் ஒலி அழிப்பு. பெயரை எழுதிவைக்க மாட்டோம் என்று படிவம் சொல்வதால், பெயரையும் இலக்கத்தையும் இணைக்கும் பட்டியல் இல்லாமலே ஆய்வை அமைக்க வேண்டும்.

பிரசார ஆவணங்களை ஆராய்பவர்களுக்கு வேறு ஏற்பாடு தேவை. 2008இல் இங்கிலாந்தின் நொட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் முதுகலை மாணவர் ஒருவர், அமெரிக்க அரசின் இணையத்தளத்திலேயே கிடைத்த அல்-கைதா கையேட்டைத் தரவிறக்கி ஊழியர் ஒருவருக்கு அனுப்பினார். இருவரும் கைதானார்கள். குற்றச்சாட்டின்றி விடப்பட்ட மாணவருக்கு 2011இல் பொலிஸ் 20,000 பவுண் கொடுத்தது. அதன் பின்னர் 2012இல் அந்நாட்டுப் பல்கலைக்கழகங்களின் கூட்டமைப்பு ஒரு வழிகாட்டலை வெளியிட்டது: இத்தகைய ஆவணங்கள் மாணவரின் மடிக்கணினியில் இருக்கக் கூடாது, பல்கலைக்கழகத்தின் பாதுகாக்கப்பட்ட சேவையகத்தில் இருக்க வேண்டும், பொலிஸ் கேட்டால் முதலில் பதில் சொல்லும் அலுவலர் ஒருவர் இருக்க வேண்டும். 2019இல் அங்கே, இத்தகைய ஆவணங்களை வைத்திருப்பதற்குக் கல்விசார் ஆய்வு நியாயமான காரணம் என்று சட்டத்திலேயே சேர்க்கப்பட்டது. இங்கே சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. அத்தகைய சேவையகத்தையும் அலுவலரையும் நீங்களே ஏற்பாடு செய்யலாம். கொடூரமான காணொளிகளை ஒலியின்றி, கறுப்பு வெள்ளையில், சிறு சாளரத்தில் பார்க்கப் பழக்குங்கள். எழுத்து வடிவம் போதுமென்றால் காணொளியே வேண்டாம்.

தீவிரமயமானவர்களை "முன்கூட்டியே அடையாளங்காணும்" வினாக்கொத்து என்று ஒரு விண்ணப்பம் வந்தால் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். 1,00,000 பேரில் 10 பேர் உண்மையிலேயே வன்முறைக்கு ஆயத்தமாகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். கருவி அவர்களில் ஒன்பது பேரைப் பிடிக்கும். மற்றவர்களில் நூற்றுக்கு ஐந்து பேரை மட்டுமே தவறாகச் சுட்டும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் பட்டியலில் அந்த ஒன்பது பேரோடு ஏறத்தாழ 5,000 அப்பாவிகள் இருப்பார்கள். உயிர்த்த ஞாயிறு தாக்குதலுக்குப் பிறகு முஸ்லிம் இளைஞர்கள் பட்ட பாட்டைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பட்டியல் யார் கைக்குப் போகும் என்று விளக்கத் தேவையில்லை.

இவ்வளவு சிக்கலா, விண்ணப்பத்தையே நிராகரித்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். நிராகரித்தால் அதே மாணவர் "இளைஞர் மனப்பாங்கு" என்று தலைப்பை மாற்றிக்கொண்டு, எந்தப் பாதுகாப்பும் இல்லாமல் அதே கேள்விகளோடு போவார்.

அனுமதி தரும்போது தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் பல்கலைக்கழக முத்திரையோடு ஒரு கடிதமும் கொடுங்கள். ஆய்வின் தலைப்பு, மேற்பார்வையாளர், அனுமதி இலக்கம், பல்கலைக்கழகம் முன்கூட்டியே அமர்த்திய சட்டத்தரணியின் தொடர்பு எல்லாம் அதில் இருக்கட்டும். துறை அலுவலகத் தொலைபேசி இலக்கம் மட்டும் போதாது. மாலை நான்கரை மணிக்குப் பிறகும் ஒருவர் எடுத்துப் பேசும் இலக்கமாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
இத்துறை ஆய்வு மாணவர்களுக்கு வழிகாட்டும் விரிவுரையாளர்கள் சிலர்