சோற்றை விலக்கச் சொன்ன காரணம்

அன்புள்ள சுந்தரம்,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்கு வேலை கிடைத்ததில் எங்கள் எல்லோருக்கும் மகிழ்ச்சி. இங்கே அம்மாவுக்குக் கண்புரை அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்தது.

எடை குறைக்க ஒருவர் உனக்குத் தந்ததாக நீ அனுப்பிய உணவுப் பட்டியலைப் பற்றித்தான் விரிவாக எழுத வேண்டியிருக்கிறது. சோறும் இட்லியும் கூடாது, மாலை ஆறு மணிக்கு மேல் எதுவும் கூடாது, நாளுக்கு 1200 கலோரிதான் என்று கடைப்பிடித்து, முதல் வாரமே மூன்று கிலோ குறைந்ததால் முறை சரியென்று உறுதியாகிவிட்டதாக எழுதியிருக்கிறாய். அந்த மூன்று கிலோவில் பெரும்பகுதி நீராகவே இருக்கும். கல்லீரலிலும் தசையிலும் சேர்ந்திருக்கும் கிளைக்கோஜன், அதாவது உடல் சேமித்து வைக்கும் மாவுச்சத்து, தன் எடையைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு நீரைப் பிடித்து வைத்திருப்பதால், மாவுச்சத்தை நிறுத்தி அது செலவானதும் நீரும் வெளியேறிவிடுகிறது. மறுபடி சோறு உண்டால் திரும்பியும் வரும்.

சோறுதான் குற்றவாளி என்ற வாதத்துக்கு வருகிறேன். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டோபர் கார்ட்னர் குழுவினர் 609 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினரைக் கொழுப்பையும் மற்றவரை மாவுச்சத்தையும் ஓராண்டு குறைக்கச் செய்தார்கள். 2018இல் வெளியான முடிவின்படி சராசரியாகக் குறைந்தது முறையே 5.3 கிலோ, 6.0 கிலோ; பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை. ஆனால் இரு பிரிவிலும் மிக நிறையக் குறைந்தவரும் இருந்தார்கள், எடை கூடியவரும் இருந்தார்கள். கடிகார விதியும் இப்படித்தான்: சீனாவின் குவாங்சோவில் 139 பேரிடம் செய்து 2022இல் வெளியிட்ட ஆய்வில், கலோரியைக் குறைத்து மாலை நான்கு மணியோடு நிறுத்தியவர்களுக்கும், கலோரியை மட்டும் குறைத்தவர்களுக்கும் ஓராண்டு முடிவில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் தெரியவில்லை. ஆறு மணிக்கு மேல் உண்ணாதவன் இரவு மிக்சரையும் தின்னமாட்டான் என்பதே அந்த விதியின் பலன் என்று எனக்குத் தோன்றுகிறது.

எனக்கு அதிகம் உறுத்துவது அந்த 1200தான். 1944–45இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் ஆன்செல் கீஸ் என்ற ஆய்வாளர் நடத்திய பட்டினி ஆய்வில் 36 இளைஞர்களுக்கு நாளுக்குச் சுமார் 1570 கலோரி கொடுத்தார்கள். அவர்கள் மிகவும் நடமாடியவர்கள், ஒல்லியானவர்கள், உன்னோடு நேராக ஒப்பிட முடியாது என்பது உண்மையே. ஆனாலும் எந்நேரமும் சோற்று நினைவாகவே இருந்து, சமையல் புத்தகங்களைச் சேகரிக்கும் அளவுக்குப் போனார்கள். அந்த நிலையில் மனிதன் விதியை மீறினால், அதை மனவுறுதிக் குறைவு என்று பட்டியல் தந்தவர் சொல்வது நியாயமில்லை.

மாவுச்சத்தைக் குறைப்பதால் இரத்தச் சர்க்கரை இறங்கும் என்பதை நான் மறுக்கவில்லை. அதனால்தான் கேட்கிறேன்: நீ சர்க்கரை நோய்க்குக் கிளிமிபிரைடு மாத்திரை சாப்பிடுகிறாய் அல்லவா? உணவைக் குறைத்துவிட்டு மாத்திரையைப் பழைய அளவிலேயே தொடர்ந்தால் சர்க்கரை அளவுக்கு மீறித் தாழ்ந்துவிடக்கூடும். பட்டியலை எடுத்துக்கொண்டு இந்த வாரமே உன் மருத்துவரைப் பார்த்துவிட்டு, அவர் சொன்னதை எனக்கு எழுது.

அன்புடன்,
ராமநாதன்