ஹெட்டைக் காஸ்டிக்கில் போட வேண்டாம்

கோவென்ட்ரி, இங்கிலாந்து
டிசம்பர்

அன்புள்ள அண்ணாவுக்கு,

நான் நலம். நீங்கள், அண்ணி, பிள்ளைகள், அம்மா எல்லாரும் நலமா?

அப்பாவின் பியட் கார் எஞ்சினை இறக்கிப் பிரித்தாகிவிட்டது என்று எழுதியிருந்தீர்கள். படித்ததிலிருந்து மனசு குன்னூரிலேயே இருக்கிறது. எஞ்சினின் அடிப்பாகமான பிளாக்கைக் கழுவும் காஸ்டிக் சோடா தொட்டியிலேயே, அதன்மேல் மூடிபோல் உட்காரும் ஹெட்டையும் போட்டு எடுத்துத் தருவதாகப் பட்டறையில் சொன்னார்களாமே, அதற்கு மட்டும் சம்மதிக்காதீர்கள். பிளாக் வார்ப்பிரும்பு, தாங்கும். ஹெட் அலுமினியம். காஸ்டிக் அதை அரித்துத் தின்றுவிடும். அப்போது நுரைத்து வருவது ஹைட்ரஜன், பக்கத்தில் யாரும் பீடி பற்றவைக்கக்கூட முடியாது. சலவை சோடாவிலும் ஊறப்போட வேண்டாம், கறுத்துப்போகும்.

இங்கே எங்கள் பட்டறைக்கு அதிகம் வருவது பழைய ஜாகுவார் கார்தான். 1948-இல் வந்த அதன் எக்ஸ்கே எஞ்சினுக்கும் அலுமினிய ஹெட். மேலே முகம் தெரியும்படி பாலிஷ் போட்ட இரண்டு கேம் கவர், அதாவது வால்வுகளைத் திறக்கும் கேம் தண்டுகளின் மூடிகள். குளிர்காலத்தில் ரோட்டில் ஐஸ் பிடிக்காமலிருக்க உப்புத் தூவுகிறார்கள். அந்த உப்பு ஏறிய அலுமினியம் வெள்ளைப் பொடியாகப் பூத்து, அடியில் குழி குழியாக அரித்திருக்கும். நம் ஊர்ப் பனிமூட்டத்தில் ஈரம் உண்டு, உப்பு இல்லை. அப்பாவின் கார் ஹெட் இதைவிட நன்றாகவே இருக்கும் என்று நம்புகிறேன்.

ஹெட்டைக் கழுவ முதலில் மண்ணெண்ணெய், அப்புறம் வெந்நீரில் பாத்திரம் தேய்க்கும் சோப்பு, நைலான் பிரஷ். இரும்புக் கம்பி பிரஷ் வேண்டவே வேண்டாம். இரும்புத் துகள் பதிந்து பிறகு அரிப்பைக் கொண்டுவரும். மணல் அடிப்பதும் கூடாது, மேல்பரப்பு சொரசொரப்பாகி அழுக்கைப் பிடித்துக்கொள்ளும். நாங்கள் தண்ணீரோடு பொடிக் கண்ணாடி மணிகளைக் கலந்து பீய்ச்சுகிறோம். தண்ணீர் இருப்பதால் அடி மெத்தென்று விழுந்து, அச்சிலிருந்து அன்றைக்கு எடுத்த வார்ப்பு மாதிரி வருகிறது. கோயம்புத்தூரில் இத்தனை பவுண்டரி இருக்கிறதே, யாராவது செய்கிறார்களா என்று விசாரியுங்கள்.

அப்படிச் செய்தால் அதன் பிறகு கழுவுவதுதான் எல்லாவற்றையும்விட முக்கியம். ஆயில் வழியில் கொஞ்சம் கண்ணாடிப் பொடி தங்கினாலும் பேரிங் போய்விடும். இங்கே பெரியவர் ஒருவர், நான் கழுவி முடித்த ஹெட்டை வாங்கி, ஒவ்வொரு துளையிலும் மெல்லிய பிரஷ் விட்டுக் காற்றடித்துப் பார்த்துவிட்டுத்தான் பூட்டச் சொல்வார். அவர் மேல் எனக்கு ரொம்ப மரியாதை.

ஹெட்டோடு மேனிஃபோல்டு குழாயைப் பூட்டும் ஸ்டட் (திருகாணி) கழன்று வராவிட்டால் முறுக்காமல் சூடு காட்டச் சொல்லுங்கள். அலுமினியம் இரும்பைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும், பிடி தளரும். ஆனால் கேஸ் விளக்கை ஒரே இடத்தில் நிறுத்தக் கூடாது. இரும்பு போல் சிவந்து எச்சரிக்காமல் 660 டிகிரிக்கு முன்பே உருகிவிடும். பிளாக்குக்கும் ஹெட்டுக்கும் நடுவே கேஸ்கெட் உட்காரும் பரப்பில் எமரித் தாள் போட்டுத் தேய்க்கவும் விடாதீர்கள்.

பாலிஷ் போடலாமா என்று கேட்டிருந்தீர்கள். கேம் கவருக்கு நாங்கள் தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் வாட்டர் பேப்பரில் 240-ஆம் நம்பரில் தொடங்கி 400, 600, 800 என்று போவோம். ஒவ்வொன்றுக்கும் திசை மாற்றித் தேய்த்து, முந்தின கீறல் முழுக்க மறைந்த பிறகே அடுத்தது. கடைசியில் துணிச் சக்கரத்தில் பஃபிங். பார்க்க அவ்வளவு அழகு! ஆனாலும் பியட் ஹெட் பாலிஷ் இல்லாமல் வெறும் வார்ப்பாகவே இருக்கட்டும். அப்பா ஓட்டிய வண்டி அப்பா ஓட்டியபடியே இருப்பதுதான் எனக்குப் பிடிக்கும்.

இங்கே நாலு மணிக்கே இருட்டிவிடுகிறது. குளிர் நமக்குப் புதிதா என்ன, இருட்டுதான் பழகவில்லை. பட்டறையில் விளக்கடியில் வேலை இருக்கும்வரை ஒன்றும் தெரிவதில்லை.

ஹெட்டின் அடிப்பக்கத்தை நல்ல வெளிச்சத்தில் போட்டோ எடுத்து அனுப்புங்கள், தண்ணீர் போகும் துளைகளின் ஓரம் தெரிய வேண்டும். அங்கேதான் அரிப்பு முதலில் வரும். அதைப் பார்த்துச் சொல்கிறேன், அதுவரை யாரிடமும் கொடுக்க வேண்டாம். அம்மாவைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

அன்புடன்,
தம்பி