குடியிருப்போர் நலச் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

தெருவிளக்கு, குப்பை வண்டி, மழைநீர் வடிகால் மூன்றும் போன ஆண்டு இருந்த நிலையிலேயே இருக்கின்றன. மனுக்களின் நகல் கோப்பில் உள்ளது. சொல்லிக்கொள்ளும்படி நடந்தது, ஆறு முதல் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஞாயிறுதோறும் மாடி அறையில் நடத்திய கணினி வகுப்புதான்.

"பைத்தான் புரோகிராமிங் சொல்லித் தருவீங்களா, சர்டிஃபிகேட் உண்டா?" என்று பெற்றோர் கேட்டார்கள். இரண்டும் இல்லை என்றோம். சிலர் அப்போதே போய்விட்டார்கள். நாங்கள் எடுத்துக்கொண்டது ஸ்க்ராட்ச். அமெரிக்காவின் எம்.ஐ.டி. மீடியா லேபில் உருவாகி 2007-இல் வெளிவந்த, பிள்ளைகள் புரோகிராமிங் பழகுவதற்கான இலவச மென்பொருள். கட்டளைகளை டைப் செய்ய வேண்டாம். வண்ணக் கட்டைகளை ஒன்றின்கீழ் ஒன்றாகக் கோத்தால் திரையில் பூனை நடக்கும். இணையம் இல்லாமலும் ஓடும் என்பதால் உறுப்பினர்கள் கொடுத்த நான்கு பழைய கணினிகளிலேயே சமாளித்தோம்.

முதல் மாதம் எல்லோருக்கும் ஒரே விளையாட்டைச் சொல்லிக்கொடுத்தது என் தவறு. அத்தனை பேரும் அதையே செய்துவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மார்கழி வந்தது, சரி, கோலம் போடுங்கள் என்றோம். அப்புறம் யாரையும் வீட்டுக்கு அனுப்ப முடியவில்லை.

ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி முதலில் முக்கோணம் வரைந்தாள். '100 அடி நகர், 60 டிகிரி திரும்பு', இதை மூன்று முறை. சமபக்க முக்கோணத்தின் கோணம் 60 என்று பள்ளியில் படித்ததுதானே? திரையில் வந்ததோ வாய் பிளந்த பாதி அறுகோணம். விடை சொல்லாமல், தரையில் சாக்பீஸால் முக்கோணம் போட்டு அவளையே அதன்மேல் நடக்கச் சொன்னோம். இரண்டாவது மூலையில் நின்றுவிட்டாள். "அங்கிள், நான் 60 திரும்பல, நிறைய திரும்புறேன்!" 120 திரும்பியிருந்தாள். மூன்று மூலைக்கும் சேர்த்து 360, ஒரு முழுச் சுற்று. அதன்பின் எண்கோணத்துக்கு 45 என்று அவளே போட்டுக்கொண்டாள். ஐந்துமுனை நட்சத்திரத்துக்கு 144 என்று பிடிக்க மட்டும் இரண்டு ஞாயிறு ஆயிற்று. அந்த நட்சத்திரத்தைப் பத்துப் பத்து டிகிரியாகத் திருப்பி 36 முறை வரைந்து பாட்டியிடம் காட்டினாள். "புள்ளி எங்கடி?" என்றார் பாட்டி. நியாயமான கேள்வி. சிக்குக் கோலம் இன்னும் யாருக்கும் வசப்படவில்லை.

ஒரு ஞாயிறு கரண்ட் போய், சேவ் செய்யாத கோலங்கள் எல்லாம் போயின. ஒரு பையன் அழுதே விட்டான். இப்போது பத்து நிமிடத்துக்கு ஒருமுறை "சேவ்!" என்று கத்துவது அவன் பொறுப்பு.

இரண்டு மவுஸும் ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸும் வாங்கினோம்; கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். வரும் ஆண்டும் வகுப்பு தொடரும். புள்ளிக் கோலம் தெரிந்தவர்கள் ஒருவராவது ஞாயிறு பத்து மணிக்கு மாடிக்கு வந்தால் உதவியாக இருக்கும், கணினி தெரிந்திருக்க வேண்டியதில்லை. சாவி என்னிடம் உள்ளது.

செயலாளர்